தோட்டத்துத் தக்காளியைச் சமைத்தால் நீர்த்துப்போகிறது, சுவையும் கூடவில்லை. எப்படிச் சமைப்பது?

முதல் வருடம் எனக்கும் இதேதான் நடந்தது. ஆறு செடி வைத்திருந்தேன், ஒரே வாரத்தில் ஒரு வாளிப் பழம் சேர்ந்துவிட்டது. காலையிலேயே எல்லாவற்றையும் நறுக்கி வைத்துவிட்டு, மாலையில்தான் அடுப்பில் ஏற்றினேன். இரண்டு மணி நேரம் கொதித்த பிறகும் தண்ணீர் தனியாக, சக்கை தனியாகவே நின்றது. அன்று அவ்வளவு வருத்தப்பட்டேன்.

தவறு நறுக்கி வைத்ததில்தான். தக்காளிச் சாற்றைக் கெட்டியாக வைத்திருப்பது பெக்டின். பழத்தை நறுக்கியதுமே அதற்குள் இருக்கும் நொதிகள் பெக்டினை உடைக்க ஆரம்பித்துவிடும். நன்றாகச் சூடேறினால்தான் அவை அடங்கும். அதனால் இப்போது நான் செய்வது இப்படி: அகலமான பாத்திரத்தை முதலில் அடுப்பில் வைத்துவிடுவேன். நாலைந்து பழங்களை மட்டும் நாலாக வெட்டி உடனே அதில் போட்டு, கரண்டியால் நசுக்கிக் கொதிக்க விடுவேன். அந்தக் கொதி அடங்காதபடி அடுத்த பழங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிப் போட்டுக்கொண்டே வருவேன். இதை ஒரு முறை செய்து பாருங்கள், சாறு பிரியவே பிரியாது. அப்புறம் மூடாமல் சுண்ட விடுங்கள். பழத்தில் சுமார் 95 சதவீதம் தண்ணீர்தான், அது ஆவியாகப் போக இடம் வேண்டும். இரும்பு, அலுமினியப் பாத்திரங்கள் வேண்டாம். புளிப்பு அவற்றோடு சேர்ந்தால் உலோக வாடை ஏறிவிடும்.

சுவைக்கு வருவோம். விதையையும் அதைச் சுற்றியுள்ள கொழகொழப்பையும் வழித்து எறிகிறவர்கள் நிறையப் பேர். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். தக்காளிக்கு அந்த ஆழமான ருசியைத் தரும் குளுட்டமிக் அமிலம் சதையைவிட அங்கேதான் அதிகம். நீர் கூடிவிடும் என்று பயமாக இருந்தால், அதை வடிகட்டி அந்தச் சாற்றைத் தனியாகச் சுண்ட வைத்துக் கடைசியில் சேருங்கள்.

பழங்களை ஒரே குவியலாக வைத்துச் சமைக்காமல் பிரித்துக்கொள்வதும் முக்கியம். செடியிலேயே கனிந்து, கையில் எடுத்ததும் மணக்கிற பழத்தை நான் அடுப்புப் பக்கமே கொண்டுபோவதில்லை. அந்தப் புது மணம் சூட்டில் முதலில் பறந்துவிடும். தடிமனாக வெட்டி, உப்புத் தூவிப் பத்து நிமிடம் விட்டால் சாறு கசியும். அந்தச் சாற்றிலேயே கொஞ்சம் எண்ணெய் விட்டுக் கலந்தால் போதும், அதுவே ஒரு வேளைச் சாப்பாட்டுக்குத் துணை. அளவுக்கு மீறிக் கனிந்தவையும் வெடித்தவையும் அன்றைக்கே சாறாகிவிட வேண்டும். வெடிப்பில் பூஞ்சை தெரிந்தால் அந்தப் பழமே வேண்டாம். குட்டித் தக்காளிகளையும் சுவை மந்தமான பழங்களையும் பாதியாக வெட்டி, எண்ணெய் தடவி, ஓவனில் 120 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் வைப்பேன். ஓரம் சுருங்கி, இனிப்பு ஏறி, வேறு பண்டம் போல ஆகிவிடும். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். எண்ணெய் சேர்ப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. சிவப்பு நிறத்தைத் தரும் லைகோப்பீன் கொழுப்பில் கரைவது, எண்ணெயோடு வேகும்போது உடல் அதை எளிதாக எடுத்துக்கொள்கிறது.

செங்காய்களைச் சமையலறை மேடையிலேயே வையுங்கள், பறித்த பிறகும் பழுக்கும். ஃபிரிட்ஜில் வைத்தால் பழுப்பது நின்றுபோகும், மணமும் குறையும்.

பருப்பு, பயறு, உருளைக்கிழங்கு இவற்றோடு சமைப்பதாக இருந்தால், அவை முழுதும் வெந்த பிறகே தக்காளியைப் போடுங்கள். புளிப்பு முன்னாலேயே சேர்ந்துவிட்டால் அவை குழைய வெகுநேரம் ஆகும். இதைத் தெரிந்துகொள்ளும் வரை பயறு பழையது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மிஞ்சியவற்றை மாதக்கணக்கில் வைக்கப் பாட்டிலில் அடைக்க வேண்டாம். அடைப்பதற்கென்று எலுமிச்சைச் சாற்றுக்கும் கொதிக்கும் நேரத்துக்கும் பரிசோதித்த அளவுகள் இருக்கின்றன, அதைச் சரியாகப் பின்பற்றாவிட்டால் ஆபத்து. அதைவிட எளிது ஃபிரீசர். காம்புப் பகுதியை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, பழத்தை முழுசாகப் பையில் போட்டு உறைய வைத்துவிடுங்கள். வேண்டிய அன்று குழாய்த் தண்ணீரில் காட்டினால் தோல் தானாகக் கழன்று வரும். சதை தொளதொளவென்று இருக்கும், பச்சையாகச் சாப்பிட ஆகாது. அப்படியே கொதிக்கும் பாத்திரத்தில் போட்டுவிடலாம்.