நெல்லிக்காய் அளவு பச்சிலை

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் நகரிப் பக்கத்து விசைத்தறிக் குடும்பத்துப் பெண். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. இப்போது ஆந்திரத்தில் ஒரு அரசு மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். இறுதியாண்டு. உங்கள் எழுத்தை எனக்குக் காட்டியது அப்பாதான்.

உங்களுக்கு இளவயதில் காமாலை வந்ததையும், எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு பெரியவர் பச்சிலை கொடுத்துக் குணமானதையும் ஒரு கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். 'ஸ்கேன் இல்லை, பில் இல்லை, ஒரு வெற்றிலையும் எட்டணாவும்தான்' என்று அதில் ஒரு வரி வரும். போன ஆடியில் அது எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் வந்தது. போட்டவர் அப்பா. என் பெரியம்மா மகள் அப்போது எட்டு மாதக் கர்ப்பிணி. கண் மஞ்சளாகியிருந்தது. நான் பரீட்சையில் இருந்தேன், குழுவைப் பார்க்கவில்லை.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை பசரு என்கிற அந்தப் பச்சிலை மருந்தைக் குடிக்கக் கூட்டிப்போனார்கள். இரண்டாவது ஞாயிறு கழிந்த செவ்வாய் அக்கா பகலெல்லாம் தூங்கி, ராத்திரி என்னென்னவோ பேசினாள். ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டர், "நாட்டு மருந்து ஏதாவது ஊத்தினீங்களா?" என்று கத்திய கத்தலில் பெரியம்மா இல்லையென்று சொல்லிவிட்டார். கடைசிவரை இல்லையென்றே சொன்னார். ஹெபடைடிஸ் ஈ என்ற வைரஸ் காமாலை. குழந்தை வயிற்றிலேயே போனது. மூன்றாம் நாள் அக்கா.

இது நடந்து நான்கு மாதம் கழித்து வார்டில் ஒரு பாட்டியிடம் நான் அதே கேள்வியைக் கேட்டேன். அதே குரலில் கேட்டேன் என்பது கேட்டு முடித்த பிறகுதான் உறைத்தது. பாட்டியும் இல்லையென்றார். வாயில் பச்சை வாசம் வீசிக்கொண்டிருந்தது.

உங்களிடம் கேட்க நினைப்பது இரண்டு. எழுதுகிறவர்களுக்கு நாட்டு மருத்துவத்தின் மேல் ஏன் இத்தனை மயக்கம்? நான் இந்த ஜனங்களிடம் எப்படித்தான் பேசுவது?

எஸ்.

*

அன்புள்ள எஸ்,

உங்கள் கடிதம் வந்து ஐந்து வாரமாகிறது. பதில் எழுத உட்கார்ந்து மூன்று முறை எழுந்துவிட்டேன். பெயரைப் போட வேண்டாமென்று கேட்டிருந்தீர்கள், முதலெழுத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

அந்தக் கட்டுரையைத் திரும்ப எடுத்துப் படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறேன். அதனால்தான் இத்தனை வருஷம் கழித்தும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதில் எழுதாமல் விட்டவற்றை இப்போது சொல்கிறேன்.

எனக்குக் காமாலை வந்தபோது வயது பத்தொன்பது. திருத்தணியில் படித்துக்கொண்டிருந்தேன். விடுதித் தொட்டித் தண்ணீரைத்தான் எல்லோரும் குடித்தோம், அந்த மாதம் எங்களில் நான்கு பேருக்குக் கண் மஞ்சளாயிற்று. அம்மா ஒரு கிண்ணத்தில் வெள்ளைச் சோற்றைப் போட்டு அதில் என் மூத்திரத்தை விடச் சொன்னாள். சோறு மஞ்சளானது. காமாலை என்று முடிவாயிற்று. (இதை நீங்கள் கேலி செய்யமாட்டீர்கள் என்று நம்புகிறேன். மூத்திரத்தில் பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி இறங்குவதைச் சோற்றில் பார்ப்பதற்கும் காகிதப் பட்டையில் பார்ப்பதற்கும் அடிப்படை ஒன்றுதான்.)

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் அப்பா கூட்டிப்போனார். நகரி தாண்டி இறங்கி வயல் வரப்பில் நடை. புங்கமரத்தடியில் முப்பது நாற்பது பேர் வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருந்தார்கள். பாதிப் பேர் தமிழ், பாதிப் பேர் தெலுங்கு. காமாலை என்றும் பச்சகாமெர்லு என்றும் மாறி மாறிக் காதில் விழுந்தது. பெரியவர் அம்மியிலிருந்து வழித்த பச்சிலையை நெல்லிக்காய் அளவு உருட்டி, நாக்கின் அடியில் தள்ளி, வெள்ளாட்டுப் பாலை ஊற்றினார். கசப்பு தொண்டையில் நின்றது. அவர் என் இமையைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டு, "எங்க படிக்கற? என்ன படிக்கற?" என்று கேட்டார். அந்த ஒரு மாதத்தில் என் உடம்பைத் தொட்டு, என்னிடம் பேசிய ஒரே வைத்தியர் அவர். உங்கள் முதல் கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் இதுதான். மயக்கம் பச்சிலையின் மேல் அல்ல, அந்தக் கையின் மேல். கட்டுரையில் நான் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டேன்.

மூன்று ஞாயிறில் கண் வெளுத்தது. விடுதியில் காமாலை வந்த மற்ற மூன்று பேரில் ஒருவன் எங்கேயும் போகவில்லை. மோர்ச்சோறு தின்றுகொண்டு வீட்டில் படுத்துக்கிடந்தான். அவனுக்கும் ஏறக்குறைய அதே நாளில் வெளுத்தது. இது எனக்கு அப்போதே தெரியும். கட்டுரையில் அவன் வரவில்லை. வந்திருந்தால் கட்டுரை நின்றிருக்காது.

உங்களுக்குப் பாடமாக இருப்பதை இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தண்ணீர் வழியாக வரும் ஏ, ஈ இரண்டு வகைக் காமாலையும் பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே இறங்கிவிடும். நோயாளி வைத்தியரிடம் போய்ச் சேர்வது கண் நன்றாக மஞ்சளான பிறகு, அதாவது நோய் உச்சிக்கு வந்து இறங்கப்போகும் வேளையில். அப்போது எதைக் கொடுத்தாலும் கொடுத்தவருக்குப் பேர். எங்கள் பக்கம் இன்னொருவர் இருந்தார், மந்திரிப்பவர். சுண்ணாம்புத் தண்ணீரில் கையைக் கழுவச் சொல்வார், தண்ணீர் மஞ்சளாகும், காமாலை இறங்குகிறது என்பார். முன்கூட்டியே கையில் தடவிவிட்ட மரப்பட்டைச் சாறு சுண்ணாம்போடு சேர்ந்து செய்கிற வேலை அது. பச்சிலைப் பெரியவர் அப்படி ஏமாற்றியவர் அல்ல. அவருக்குத் தன் மருந்தின் மேல் முழு நம்பிக்கை இருந்தது. கணக்குத்தான் அவருக்குச் சாதகமாக இருந்தது. பிழைத்தவர்கள் அடுத்த வருஷம் தேங்காயும் பழமுமாக வந்தார்கள், பிழைக்காதவர்களின் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை.

கட்டுரையில் இன்னொரு தவறும் உண்டு. 'கீழாநெல்லியை நோபல் விஞ்ஞானியே ஏற்றுக்கொண்டார்' என்று போகிற போக்கில் எழுதியிருந்தேன். ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து 1976இல் நோபல் வாங்கிய ப்ளம்பர்க்கும் சென்னை ஆய்வாளர்களும் சேர்ந்து 1988இல் லான்செட் மருத்துவ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டது உண்மை. பி வகைக் கிருமியைச் சுமந்துகொண்டிருந்தவர்களில் 37 பேருக்கு 30 நாள் கீழாநெல்லிப் பொடி கொடுத்ததில் 22 பேரின் ரத்தத்தில் அந்தக் கிருமியின் அடையாளம் மறைந்தது. நம் ஊர்க்காரனுக்குப் புல்லரிக்கும் செய்தி, எனக்கும் புல்லரித்தது. அதற்குப் பின் வேறு இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை என்பதைத் தேடிப் படிக்க எனக்குத் தோன்றவில்லை. அதைவிட, அந்த ஆய்வு பி வகையைப் பற்றியது. எனக்கு வந்த காமாலைக்கும் உங்கள் அக்காவுக்கு வந்ததற்கும் அதில் ஒரு வார்த்தைகூடக் கிடையாது. முழுப்பொய் எழுதியிருந்தால் உங்கள் அப்பா சுலபமாகக் கண்டுபிடித்திருப்பார். அரை உண்மையாக எழுதினேன்.

ஈ வகையின் கதையை உங்கள் கடிதத்துக்குப் பிறகுதான் படித்தேன். 1955 கடைசியில் டில்லியில் யமுனைத் தண்ணீரில் சாக்கடை கலந்து, சில வாரங்களில் 29,000 பேருக்கு மேல் காமாலை கண்டது. கர்ப்பிணிகள் அதிகமாகச் செத்தது அப்போதே கவனிக்கப்பட்டது. ஆனால் அந்தத் தனி வைரஸைக் கண்ணால் பார்க்க 1983 ஆயிற்று. சோவியத் விஞ்ஞானி பலாயன், நோயாளிகளின் மலத்திலிருந்து எடுத்த சாற்றைத் தானே குடித்து, தனக்கே காமாலை வரவழைத்து, தன் மலத்தில் அந்த வைரஸை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். பசரு குடிப்பவர்களைப் பார்த்து முகம் சுளிக்கும்போது உங்கள் ஆசிரியர்கள் இவரை நினைத்துக்கொள்ளலாம். மற்றவர்களுக்கு வந்து போகிற இந்த நோய், கடைசி மூன்று மாதத்தில் இருக்கும் கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 20லிருந்து 25 பேர் வரை கொல்லும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதே தண்ணீர், அதே கிருமி. என் கட்டுரையைப் படித்து யார் வேண்டுமானாலும் பச்சிலைக்குப் போகலாம் என்று ஆனதே, அங்கேதான் உங்கள் அக்கா வருகிறார்.

முன்பே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் பிழைத்திருப்பாரா என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்காதது உங்கள் பெருந்தன்மை. ஈ வகைக்கென்று கர்ப்பிணிக்குக் கொடுக்க நேரடி மருந்து கிடையாது என்பதும் நீங்கள் அறிந்ததுதான். அதைச் சொல்லி நான் தப்பித்துக்கொள்ளப் போவதில்லை. அத்தனை நாளும் கண்காணிப்பில் இருந்திருக்க வேண்டியவர், உப்பும் எண்ணெயும் தள்ளிய பத்தியத்தில் மெலிந்துகொண்டிருந்தார்.

போன ஞாயிறு அங்கே போனேன். பெரியவர் எப்போதோ காலமாகிவிட்டார். இப்போது பேரன், நாற்பது வயதிருக்கும். புங்கமரம் இருக்கிறது, அதன் கீழே பிளாஸ்டிக் நாற்காலிகள், தூணில் பணம் அனுப்ப க்யூஆர் அட்டை. வருகிறவர்களிடம் அவர் முதலில் கேட்பது லேப் சீட்டைத்தான். "பிலிருபின் எவ்ளோ? பதினொண்ணா? மூணு வாரம்." எழுதிக்கொள்கிறார். திரும்ப வரும்போது மறுபடி சீட்டு. எண் இறங்கியிருக்கும், தட்டிக்கொடுப்பார். ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் சோதனை அந்தச் சீட்டுகள் எதிலும் இல்லை. கல்லீரல் கைவிடுவதை முதலில் சொல்வது அதுதானே? அவருக்குத் தெரியவில்லை. ஐந்து வாரம் முன்புவரை எனக்கும் தெரியாது.

கூட்டம் கலைந்த பிறகு கர்ப்பிணிகளைப் பற்றிக் கேட்டேன். "வயித்துப்புள்ளக்காரங்களுக்கு நாங்க பசரு ஊத்தறதில்ல சார். தாத்தா காலத்துலேர்ந்தே இல்ல. திருப்பதிக்குப் போங்கன்னுடுவோம்" என்றார். போன ஆடியில் என்று ஆரம்பித்தேன். "முந்தானை போர்த்திக்கிட்டு வந்தா எப்பிடித் தெரியும் சார்?" என்றார், நான் முடிப்பதற்குள். அவர் சொன்னது நிஜமா, எனக்காகச் சொன்னதா என்று என்னால் தீர்மானிக்க முடியவில்லை. நிஜமென்றால், உங்கள் பெரியம்மா அங்கேயும் ஒன்றை மறைத்திருக்கிறார், ஆஸ்பத்திரியிலும் ஒன்றை மறைத்திருக்கிறார். இரண்டு இடத்திலும் விரட்டிவிடுவார்களோ என்ற ஒரே பயம். அவரை நீங்கள் எதுவும் கேட்டுவிடாதீர்கள்.

அன்று அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் பெரும்பாலும் தறிக்காரர்கள். தறி ஓடாத நாள் ஞாயிறு. அரசு ஆஸ்பத்திரியில் வெளிநோயாளிப் பிரிவு மும்முரமாக நடப்பது தறி ஓடும் நாட்களில், அதுவும் மதியம்வரை. போனால் ஒருநாள் கூலி போச்சு, துணைக்குப் போகிறவர் கூலியும் போச்சு. ம.பொ.சி. போராடி 1960இல் திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது, நகரியும் புத்தூரும் ஆந்திரப் பக்கமே நின்றன. பெண் கொடுப்பதும் எடுப்பதும் அந்தக் கோட்டைப் பார்த்து நடப்பதில்லை. காப்பீட்டு அட்டை மட்டும் கோட்டைப் பார்க்கிறது. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த பெண்ணின் அட்டை ஒரு மாநிலம், அவள் படுத்திருக்கும் கட்டில் ஒரு மாநிலம். சுவரில் ஒட்டியிருக்கும் சுகாதார நோட்டீஸ் தெலுங்கில், பாட்டிக்குத் தெரிந்த எழுத்து தமிழ், அல்லது எதுவுமில்லை. பச்சிலைக்காரரிடம் இந்த எந்தச் சிக்கலும் கிடையாது. மூடநம்பிக்கை என்று ஒரே வார்த்தையில் மூடிவிட்டால் இதெல்லாம் நம் கண்ணில் படாது.

எப்படிப் பேசுவது என்று கேட்டீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு பழைய மருத்துவர், வீட்டு வாசலிலேயே மருத்துவம் பார்த்தவர், "நாட்டு மருந்து சாப்பிட்டீங்களா?" என்று எந்த நோயாளியிடமும் கேட்டதில்லை. "இங்க வர்றதுக்கு முன்னாடி எங்கெங்க போனீங்க, என்ன குடுத்தாங்க, கசந்துதா?" என்பார். எல்லோரும் எங்கேயாவது போய்விட்டுத்தான் வருவார்கள் என்பதை முதலிலேயே ஒத்துக்கொள்ளும் கேள்வி அது. 'கசந்துதா' என்றதும் கிழவிகள் முகத்தைச் சுளித்துக்கொண்டு வரிசையாகக் கொட்டிவிடுவார்கள். உங்கள் வார்டுப் பாட்டி இன்னும் அங்கே இருந்தால் கேட்டுப்பாருங்கள்.

பழைய கட்டுரையை நீக்கவில்லை. நீக்கினால் குழுக்களில் சுற்றுவது நிற்காது, திருத்தம் மட்டும் காணாமல் போகும். அதன் தலையில் உங்கள் கடிதத்தையும் இந்தப் பதிலையும் ஒட்டிவிட்டேன்.

ஒரு வேலை பாக்கி. பேரனிடம் சுவரில் ஒட்ட ஒரு தாள் கொடுத்தால் ஒட்டுவீர்களா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். "என் பேரு கெடாம இருந்தா ஒட்டறேன்" என்றார். கர்ப்பிணி, பிறந்த குழந்தை, குளிர்காய்ச்சலோடு வரும் காமாலை, பகலில் தூங்கி ராத்திரி உளறுவது, ஈறில் ரத்தம், கறுத்த மலம் இவை இருந்தால் இங்கே நிற்காமல் நேரே திருப்பதிக்கோ திருத்தணிக்கோ போகச் சொல்ல வேண்டும். ரத்தம் உறையும் சோதனையையும் லேப் சீட்டில் சேர்க்கச் சொல்லலாம், எண் பார்ப்பதில் அவருக்கு ஆசை இருக்கிறது. தமிழ் வாசகத்தை நான் எழுதுகிறேன், தெலுங்கு உங்களுடையது. பெரிய எழுத்தாக, ஒரு பக்கத்துக்குள் அனுப்புங்கள். ஞாயிறு காலை ஏழுக்குள் போனால்தான் பேரன் வேலை ஆரம்பிப்பதற்கு முன் அவரைப் பிடிக்க முடியும்.

அன்புடன்.