ஃபாரின் கிளையன்ட்கிட்ட நாம பேசற இந்தியன் இங்கிலீஷ் தப்பா? 'ப்ரீபோன்' மாதிரி வார்த்தையெல்லாம் விட்டுடணுமா?

தப்பே இல்லங்க. நான் பெங்களூருல பெல்லந்தூர் பக்கம் ஐ.டி. வேலையில இருக்கேன், எங்க டீமுக்கு பாதி வேலை அமெரிக்காவுக்கு, மீதி லண்டனுக்கு, அதை வச்சு சொல்றேன். 'ப்ரீபோன்' கவலைப்பட வேண்டிய வார்த்தையே கிடையாது, ஆக்ஸ்ஃபோர்டு டிக்‌ஷனரியிலயே இருக்கு. கேள்விப்படாத ஆளா இருந்தாலும் போஸ்ட்போனுக்கு எதிர்ப்பதம்னு பிடிச்சுக்குவாங்க, இல்லன்னா என்னன்னு கேப்பாங்க, முடிஞ்சது. லட்சம், கோடியும் அப்படித்தான்.

வம்புல மாட்டிவிடறது ரெண்டு பக்கமும் தெரிஞ்ச வார்த்தைங்கதான், ஏன்னா அங்க யாருக்கும் திருப்பிக் கேக்கணும்னே தோணாது, அவங்கவங்க அர்த்தத்தை எடுத்துக்கிட்டு போயிட்டே இருப்பாங்க. 'ரிவர்ட்' நமக்கு பதில் போடறது, அவங்களுக்கு பழைய நிலைக்கே திருப்பறது. ப்ரோகிராம் எழுதறவங்களுக்கு 'கிட் ரிவர்ட்'னு கமாண்டே இருக்கு, பண்ணின மாத்தத்தை ரத்து பண்றதுக்கு. எங்க டீம் பொண்ணு ஒருத்தி சாயங்காலம் கிளம்பறப்ப 'ப்ளீஸ் ரிவர்ட் ஆன் தி கான்ஃபிக் சேஞ்ச்'னு மெயில் தட்டிட்டு போனா, செட்டிங் மாத்தினதைப் பாத்துட்டு பதில் சொல்லுங்கங்கற அர்த்தத்துல. காலையில வந்து பாத்தா அமெரிக்காக்காரர் அந்த மாத்தத்தையே தூக்கிட்டு 'டன்'னு போட்டிருக்கார்! பாவம் ரெண்டு பேருமே அவங்கவங்க இங்கிலீஷ்ல சரியாத்தான் இருந்தாங்க.

'டவுட்'டும் இதே கதை. தமிழ்ல சந்தேகம்னா புரியாம கேக்கறதும் அதுதான், நம்பாம இருக்கறதும் அதுதான். அங்க டவுட்னா நம்பலங்கறது மட்டும்தான் முதல்ல காதுல விழும், அதனால 'ஐ ஹாவ் எ டவுட் இன் யுவர் டிசைன்'னு நாம பவ்யமா கேட்டாலும் அவர் முகம் சுருங்கும்.

இது என்னமோ நம்ம ஊர் இங்கிலீஷோட குறைன்னு நினைக்காதீங்க, எனக்கு அந்த நினைப்பு மேலதான் கோவமே வரும். இரண்டாம் உலகப்போர்ல ஒரு விஷயத்தை 'டேபிள்' பண்ணலாம்னு பிரிட்டிஷ் அதிகாரிங்க சொன்னாங்களாம், அவங்களுக்கு அது உடனே பேசணும்னு அர்த்தம், அமெரிக்கருக்கு ஓரமா தூக்கி வைக்கணும்னு அர்த்தம். ரெண்டு பேருக்கும் வேண்டியது ஒண்ணேதான், ஆனா நீண்ட நேரம் சண்டை போட்டதா சர்ச்சிலே எழுதி வச்சிருக்கார். பில்லியன்னா பிரிட்டன்ல ரொம்ப காலம் லட்சம் கோடி, அமெரிக்கால நூறு கோடி, 1974லதான் பிரிட்டிஷ் அரசாங்கம் அமெரிக்கக் கணக்குக்கு மாறிச்சு.

அதனால ரிவர்ட்டுக்கு ரிப்ளை, டவுட்டுக்கு கொஸ்டின், காலேஜ் முடிச்சதுக்கு பாஸ் அவுட்னு சொல்லாம கிராஜுவேட், நான் ஜூனியர்ங்ககிட்ட மாத்தச் சொல்றது இவ்ளோதான் (பாஸ் அவுட்னா மயங்கி விழுந்துட்டீங்கன்னு நினைப்பாங்க). இன்னொண்ணு, டெமோ பாத்துட்டு 'குவைட் குட்'னு அமெரிக்கர் சொன்னா நிஜமாவே பிடிச்சிருக்கு, லண்டன்காரர் சொன்னா பெரும்பாலும் ஏதோ பரவால்லங்கற மாதிரிதான், அப்ப கால் கட் ஆகறதுக்குள்ள எது சரியில்லன்னு கேட்டுருங்க.