மதுரையில் சில பெட்டிக்கடைகளில் மட்டும் வெளிநாட்டு சிகரெட் மலிவாகக் கிடைக்கிறதே, அது கள்ளச் சரக்கா? எப்படிக் கண்டுபிடிப்பது?

பெரும்பாலும் கள்ளச் சரக்குதான். ஆரப்பாளையம் பக்கம் பெட்டிக்கடை வைத்திருக்கும் குடும்பம் எங்களுடையது. பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தாலே தெரிந்துவிடும். 2016 ஏப்ரலிலிருந்து, இங்கே தயாரானதோ இறக்குமதியோ, எந்த சிகரெட் பாக்கெட்டிலும் முன்னும் பின்னும் 85 சதவீத இடத்தில் எச்சரிக்கைப் படமும் வாசகமும் இருக்க வேண்டும். படமும் இல்லை, ரூபாயில் விலையும் இல்லை என்றால் அது முறையாக வந்த சரக்கு அல்ல.

ஆனால் பாக்கெட்டை யார் பார்க்கிறார்கள்? “அண்ணே, கிராம்பு ஒண்ணு” என்று காலேஜ் பையன் கையை நீட்டுவான். கடைக்காரர் கல்லாவுக்குக் கீழே கைவிட்டு ஒன்றை உருவிக் கொடுப்பார். தொங்கும் கயிற்று நெருப்பில் பற்றவைத்துக்கொண்டு அவன் போய்விடுவான். பாக்கெட் வெளியே வரவே வராது. உதிரியாக விற்கும் பழக்கம்தான் கள்ளச் சரக்குக்குப் பெரிய மறைப்பு. சட்டத்தில் முதலில் அடைக்க வேண்டிய ஓட்டை அது என்பேன்.

அந்தக் கிராம்பு சிகரெட் இந்தோனேசிய வகை. தொண்டையைக் கரிக்காது, அதனால் கெடுதல் கம்மி என்று பையன்கள் நம்புகிறார்கள். அதைக் கேட்டால் எனக்கு வயிறு எரியும். பல்வலிக்குக் கிராம்புத் தைலம் வைத்தால் மரத்துப்போகும் இல்லையா, அதில் உள்ள அதே யூஜினால் என்ற வேதிப்பொருள்தான் இங்கே தொண்டையை மரக்க வைக்கிறது. கரிப்பு தெரியாததால் புகையை இன்னும் ஆழமாக இழுக்கிறான். தாரும் நிகோட்டினும் கார்பன் மோனாக்சைடும் அப்படியே உள்ளே போகின்றன.

எங்கள் கடைக்கும் பையோடு ஆள் வருவதுண்டு. லாபம் அதிகம், பில் மட்டும் கிடையாது. “பில் இல்லாத சரக்கு நமக்கு வேணாம்ப்பா” என்று அப்பா அனுப்பிவிடுவார். எச்சரிக்கைப் படம் இல்லாத பாக்கெட்டை விற்றால் முதல் முறையே ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சின்னக் கடைக்காரர்கள் பலருக்கு இது தெரியாது. கொண்டுவந்து போடுகிறவரும் சொல்வதில்லை.

வரியைக் குறைத்தால் கடத்தல் நின்றுவிடும் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. விலை ஏறும்போது முதலில் குறைப்பவர்கள் மாணவர்களும் கூலி வேலை செய்கிறவர்களும்தான். அவர்களைக் காக்கிற வரியை இறக்குவதற்குப் பதில் துறைமுகத்திலும் விமான நிலையத்திலும் மொத்த வியாபாரியின் குடோனிலும் பிடியை இறுக்கட்டும். கள்ளப் புகையிலை வணிகத்தை ஒழிக்கும் சர்வதேச உடன்படிக்கையில் இந்தியா 2018-லேயே சேர்ந்துவிட்டது. பாக்கெட்டுக்குப் பாக்கெட்டு அடையாளக் குறி போட்டுத் தடம் பிடிக்க வேண்டும் என்று அதுவே சொல்கிறது.

இன்னொன்று. முறையான பாக்கெட்டில் 2018 செப்டம்பரிலிருந்து 1800-11-2356 என்ற எண் அச்சிடப்படுகிறது. புகையை விட நினைப்பவர்களுக்கான இலவச ஆலோசனை எண். கள்ளப் பாக்கெட்டில் அது இருக்காது, உதிரியாக வாங்குகிறவர் கண்ணிலும் படாது. வேண்டியவர்கள் இங்கிருந்து குறித்துக்கொள்ளுங்கள்.