பெரிய மாஸ்ஃபெட் ஏன் அதிகம் சுடுகிறது?

கேள்வி: 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 24 வோல்ட், 1 ஆம்பியர் எடுக்க ஒரு பூஸ்ட் கன்வெர்ட்டர் கட்டியிருக்கிறேன். டிஎல்494 ஐசி, 100 கிலோஹெர்ட்ஸ். ஐசியின் எமிட்டர் கால் நேராக மாஸ்ஃபெட்டின் கேட்டுக்கு (அதை ஆன்-ஆஃப் செய்யும் கால்) போகிறது. கேட்டிலிருந்து கிரவுண்டுக்கு 220 ஓம். ஐஆர்எஃப்இசட்44என் மாஸ்ஃபெட் சூடானது என்று, ஆன் நிலையில் 8 மில்லியோம் மின்தடை மட்டுமே உள்ள ஐஆர்எஃப்3205 போட்டேன். இப்போது விரலே வைக்க முடியவில்லை. போலிச் சரக்கா?

பதில்: போலியும் நிறைய உலவுகிறது. ஆனால் அசலைப் போட்டாலும் உங்கள் சர்க்யூட்டில் இப்படித்தான் சுடும்.

டேட்டாஷீட்டின் முதல் பக்கத்தில் 55 வோல்ட், 110 ஆம்பியர், 8 மில்லியோம் என்று கொட்டை எழுத்தில் இருக்கும். (அந்த 110-க்குக் கீழே, உறையின் வரம்பு 75 ஆம்பியர்தான் என்று பொடி எழுத்தில் ஒரு குறிப்பு. அதை யார் படிக்கிறார்கள்?) உங்களுக்கு வேண்டிய எண் உள்ளே இருக்கிறது: கேட்-டிரெயின் சார்ஜ், அதாவது மாஸ்ஃபெட் அணையும்போது டிரெயின் (மின்னோட்டம் நுழையும் கால்) வோல்டேஜ் ஏற, கேட்டிலிருந்து வடிய வேண்டிய மின்னூட்டம். 44என்-க்கு அது அதிகபட்சம் 23 நானோகூலும், 3205-க்கு 54.

எமிட்டர் கேட்டை மேலே தள்ளும், கீழே இழுக்காது. அணைக்கும் வேலை முழுவதும் அந்த 220 ஓமின் தலையில். கேட் 5 வோல்ட் அருகே வந்து நிற்கும்போது அந்த ரெசிஸ்டர் வழியே ஓடுவது சுமார் 23 மில்லிஆம்பியர். 54 நானோகூலும் வடிய 2.4 மைக்ரோவினாடி ஆகிறது. உங்கள் மொத்தச் சுற்றே 10 மைக்ரோவினாடிதான். அந்த நேரம் முழுவதும் 2 ஆம்பியர் ஓடிக்கொண்டிருக்க, டிரெயின் வோல்டேஜ் 24-ஐ நோக்கி ஊர்ந்து ஏறுகிறது. தோராயமாக 6 வாட் வெப்பம். பழைய 44என்-இல் இது இரண்டரை வாட்டுக்குள் இருந்திருக்கும். மில்லியோம் குறைந்ததால் மிச்சமானது எவ்வளவு தெரியுமா? 0.02 வாட்!

நானும் ஒரு காலத்தில் மில்லியோமை மட்டும் பார்த்து வாங்கியவன்தான். ஆள்காட்டி விரல் கொப்பளித்த பிறகே கேட்டில் ஆசிலாஸ்கோப்பை வைத்தேன். இறங்கும் கோடு பாதியில் படிக்கட்டுபோல் தட்டையாக நின்றது. உங்களுடையதிலும் அது தெரியும். அதன் அகலத்தை அளந்துபாருங்கள்.

44என்-ஐயே திரும்பப் போடுங்கள். கூடவே ஒரு சிறிய பிஎன்பி டிரான்சிஸ்டர்: எமிட்டர் கேட்டில், கலெக்டர் கிரவுண்டில், பேஸ் ஐசியின் எமிட்டர் காலில். பேஸிலிருந்து கேட்டை நோக்கி ஒரு வேகமான டையோடு. 220 ஓமை பேஸிலிருந்து கிரவுண்டுக்கு மாற்றிவிடுங்கள்; அதை கேட்டில் விட்டுவிட்டால் பிஎன்பி வேலை செய்யாது.

அணைவது வேகமானதும் டிரெயினில் வோல்டேஜ் துள்ளும். அந்தத் துள்ளலின் உச்சம் 45 வோல்ட்டைத் தாண்டினால், மாஸ்ஃபெட்டை மாற்றுவதற்கு முன் டையோடுக்கும் வெளியீட்டு கெபாசிட்டருக்கும் போகும் கம்பிகளைக் குட்டையாக்குங்கள்.