மிஞ்சிய எண்ணெயை உயிரி டீசலுக்குக் கொடுப்பது சுற்றுச்சூழலுக்கு நல்லதா?

உங்கள் மெஸ்ஸில் மிஞ்சும் எண்ணெயை உயிரி டீசல் தயாரிக்கக் கேட்கிறார்கள், கொடுக்கலாமா, இதெல்லாம் வெறும் விளம்பரமா என்று கேட்டிருக்கிறீர்கள். காரைக்குடிக்குப் பக்கத்தில் மூன்று தலைமுறையாகச் சீர்ப் பலகாரம் போட்டுக் கொடுக்கும் குடும்பம் எங்களுடையது. எங்கள் அடுப்பில் மிஞ்சும் எண்ணெய் இன்று உயிரி டீசலுக்குத்தான் போகிறது. எங்கள் புஞ்சையோ, ஒரு காலத்தில் அதே உயிரி டீசலுக்காக வீணாய்க் கிடந்தது. எதிலிருந்து எடுத்த டீசல் என்று கேட்காமல் நல்லதா கெட்டதா என்று சொல்லவே முடியாது.

புஞ்சைக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். 2003இல் மத்தியத் திட்டக்குழு காட்டாமணக்கிலிருந்து டீசல் எடுக்கலாம் என்று பரிந்துரைத்தது. சில ஆண்டுகளில் அந்தப் பேச்சு எங்கள் செம்மண் பூமிக்கும் வந்து சேர்ந்தது. தண்ணீர் அதிகம் வேண்டாம், ஆடு கடிக்காது, தரிசிலும் வளரும் என்றார்கள். அதில் பொய் எதுவும் இல்லை. அப்பச்சி இரண்டு ஏக்கரில் நிலக்கடலையை நிறுத்திவிட்டுக் காட்டாமணக்கு வைத்தார். செடி சாகவில்லை, ஆனால் காய்க்கவும் இல்லை. வறட்சியில் உயிர் பிழைத்திருப்பது வேறு, விளைச்சல் தருவது வேறு. நீரும் உரமும் கொடுத்தால்தான் அது காய்க்கும் என்பதை யாரும் எங்களிடம் சொல்லவில்லை. பறித்த கொஞ்சம் விதையை வாங்கவும் ஆள் வரவில்லை. கடலையை ஆட்டினால் பிண்ணாக்காவது மாட்டுக்கு ஆகும். காட்டாமணக்கு விதை நஞ்சு, அதன் பிண்ணாக்கை மாட்டுக்கு வைக்க முடியாது. நான்காம் ஆண்டு வேரோடு பிடுங்கினோம். 2017க்குள் 20 விழுக்காடு உயிரி எரிபொருள் கலப்பது என்று 2009இல் தேசியக் கொள்கையே வந்தது. டீசலில் அந்தக் கலப்பு 1 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. ஏன் தவறியது என்று புஞ்சைக்காரர்களைக் கூட்டி யாரும் கேட்கவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

பொரித்த எண்ணெயின் கதை வேறு. அதற்கென்று ஒரு குழி நிலமோ ஒரு குடம் நீரோ புதிதாகத் தேவையில்லை. எண்ணெயோடு மெத்தனால் என்ற சாராய வகையும், காஸ்டிக் சோடா போன்ற காரம் சிறிதும் சேர்த்துச் சூடாக்கினால், கொழுப்பு பிரிந்து மேலே டீசலும் அடியில் கிளிசரினும் நிற்கும். எண்ணெயில் தண்ணீர் இருந்தால் பாதி வேலை சோப்பாக முடிந்துவிடும். அதனால்தான் எங்களிடம் வாங்க வருகிறவர் டின்னைச் சாய்த்து, அடியில் நீர் தங்கியிருக்கிறதா என்று முதலில் பார்ப்பார். இதைக் கேட்டுவிட்டு வீட்டில் செய்து பார்க்க யாரும் இறங்கவேண்டாம். மெத்தனால் கண்பார்வையைப் பறிக்கும் விஷம்.

எனக்கு இதில் பெரிய நிம்மதி இன்னொன்று. முன்பு இருட்டிய பிறகு வந்து இந்த எண்ணெயை வாங்கிப்போகிறவர்கள் இருந்தார்கள். அது மறுபடி யாரோ ஒருவர் தின்னும் வடையில்தான் போய்ச் சேர்ந்தது. திரும்பத் திரும்பக் காய்ந்து கெட்ட எண்ணெயில் சேரும், துருவச் சேர்மங்கள் என்ற சிதைவுப் பொருள்கள் 25 விழுக்காட்டைத் தாண்டினால் அதைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று 2018இலிருந்து விதி இருக்கிறது. அந்த எண்ணெய்க்கு நியாயமான ஒரு போக்கிடம் இப்போதுதான் கிடைத்திருக்கிறது.

ஆனால் இதனால் நாட்டின் டீசல் தேவை தீர்ந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஓராண்டில் இந்தியா எரிக்கும் டீசல் சுமார் 9 கோடி டன். நாம் எல்லாரும் சேர்ந்து உண்ணும் சமையல் எண்ணெய் மொத்தமே ஏறக்குறைய இரண்டரைக் கோடி டன், அதிலும் பாதிக்கு மேல் இறக்குமதி. தாளிக்கக்கூட வைக்காமல் அத்தனையையும் எரித்தாலும் கால் பங்கைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான்.

சுற்றுச்சூழலைக் கெடுக்காமல் பொருள் தயாரிக்க வழி தேடும் பசுமை வேதியியலுக்கு அனஸ்டாஸ், வார்னர் என்ற இருவர் 1998இல் 12 நெறிகள் வகுத்தார்கள். கழிவை உண்டாக்கிவிட்டுச் சுத்தம் செய்வதைவிட, உண்டாகாமல் பார்த்துக்கொள் என்பது அவற்றில் முதலாவது. அதைப் படித்த பிறகு, மிஞ்சுவதற்கு விலை கிடைக்கிறதே என்று அசட்டையாக இருப்பதை விட்டுவிட்டேன். இப்போது அரைச்சட்டி எண்ணெய்தான் ஊற்றுகிறோம். ஈட்டுக்கு ஈடு தூளை அரித்தெடுத்து, குறையக் குறையப் புது எண்ணெய் விடுகிறோம். விற்கும் டின்கள் குறைந்திருக்கின்றன. எனக்கு அதில் மகிழ்ச்சிதான்.

எதிலிருந்து எடுத்தது என்ற அதே கேள்வி பெட்ரோலுக்கும் பொருந்தும். கரும்பு போன்ற பயிரிலிருந்து எடுக்கும் எத்தனாலைப் பெட்ரோலில் 20 விழுக்காடு கலப்பதைப் பற்றி எங்கும் வாக்குவாதம் நடக்கிறது. எல்லாரும் மைலேஜ் குறைகிறதா, இன்ஜின் கெடுகிறதா என்றே கேட்கிறார்கள். சர்க்கரையிலிருந்து ஒரு லிட்டர் எத்தனால் எடுக்க, கரும்பு விளைவிக்கும் நீரைக் கணக்கிட்டால், சுமார் 2,860 லிட்டர் செலவாகும் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொல்கிறது. ஓட்டுக் கூரையில் விழும் மழையை வளவில் அண்டா வைத்துப் பிடித்து, மீதியை ஊரணிக்கு விட்ட ஊர் எங்களுடையது. அந்த எண்ணைத் தாண்டி மைலேஜுக்குப் போக எனக்கு மனம் வரவில்லை.

உங்கள் எண்ணெயைத் தாராளமாகக் கொடுங்கள். வாங்குகிறவர் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் அங்கீகாரம் பெற்றவரா என்று பாருங்கள். ஒவ்வொரு முறையும் எடை போட்டு ரசீது வாங்குங்கள். நாள் ஒன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் செலவாகும் இடம் என்றால் கணக்கு வைப்பது கட்டாயம். ரசீது தரத் தயங்குகிற ஆளிடம் ஒரு டின்கூடக் கொடுக்காதீர்கள். அது டீசலுக்குப் போகாது.