மாடும் இல்ல வண்டியும் இல்ல, ரோடு மட்டும் எதுக்கு?

கேள்வி: சார், மத்திய அமெரிக்காப் பக்கம் அந்தக் காலத்துல வாழ்ந்த மாயா ஜனங்ககிட்ட மாட்டு வண்டி கிடையாது, குதிரை கிடையாதுன்னு படிச்சேன். அப்புறம் எதுக்கு காட்டுக்குள்ள அவ்ளோ அகலமா ரோடு போட்டாங்க? (ஒரு வாசகர், தென்காசி)

பதில்: நடக்கத்தான்! மூட்டையை முதுகுல ஏத்தி, அதைத் தாங்கற பட்டையை நெத்தியில மாட்டிக்கிட்டு நடப்பாங்க. ரோடுக்கு அவங்க வெச்ச பேரு சாக்பே, அதாவது வெள்ளை வழி. ரெண்டு ஓரமும் கல்லு அடுக்கி நடுவுல ஜல்லி கொட்டி மேடாக்கி மேல சுண்ணாம்பு பூசிடுவாங்க, மழையில சுத்தி சேறா கெடந்தாலும் ரோடு மேல கவலையில்லாம நடக்கலாம்.

எனக்கு ரோட்டைவிட அது எங்க போய் முடியுதுங்கறதுதான் ஆச்சரியம். பெலிஸ் நாட்டுல கராகோல்னு ஒரு பழைய மாயா ஊர், நடுவுல 43 மீட்டர் உசரத்துல கானாங்கற கட்டடம், அங்கேர்ந்து நாலா பக்கமும் ரோடு கிளம்பி சில கிலோமீட்டர் தள்ளி ஆளுக்கொரு திடல்ல போய் நிக்குது. சந்தையும் நிர்வாகமும் அந்தத் திடல்ல நடந்திருக்கும்னு அங்க 1985லேர்ந்து தோண்டற தொல்லியல் ஆய்வாளர்கள் சேஸ் தம்பதி சொல்றாங்க. வழி நெடுக வீடுங்களும் படிக்கட்டு மாதிரி வெட்டின வயலுங்களும்தான். ஊருக்குள்ளயே வெவசாயம், உப்புக்கும் சட்டிக்கும் பக்கத்துத் திடலுக்குப் போனா போதும், ஆனா ரோடெல்லாம் நடு ஊர்லதான் வந்து சேருது பாருங்க, அங்கதான் ராஜாவோட பிடி இருக்குன்னு நான் நினைக்கறேன்.

கேள்வி: மாயா ரோடு ஸ்கேல் வெச்ச மாதிரி நேரா போகுமாமே, நெஜமா?

பதில்: மெக்சிகோவுல கோபாங்கற மாயா ஊர்லேர்ந்து யாஷுனாங்கற ஊர் வரைக்கும் சுமார் 100 கிலோமீட்டர் போற ரோட்டைப் பத்தி அப்படித்தான் ரொம்ப நாளா சொல்லிக்கிட்டு இருந்தாங்க. விமானத்துலேர்ந்து லைடார், அதாவது தரையை அளக்கற லேசர் ஒளி, அடிச்சுப் பாத்து 2020ல வெளியிட்ட ஆய்வுல அந்தப் பேச்சு கெட்டுப்போச்சு! ஏற்கெனவே இருந்த சின்ன ஊருங்களைத் தொட்டுப் போறதுக்காக ரோடு அங்கங்க வளையுது. 7ஆம் நூற்றாண்டுல கோபாவை ஆண்ட கவீல் அஹாவ்ங்கற ராணி போட்டிருக்கலாம்னு ஒரு கருத்து இருக்கு. அப்படின்னா அந்தம்மா ஒரு தூரத்து ஊரை மட்டும் பிடிக்கல, நடுவுல இருந்த குக்கிராமத்தையெல்லாம் சேத்து ஒரே கயித்துல கோத்திருக்காங்க.

கேள்வி: சக்கரமே தெரியாதா அவங்களுக்கு?

பதில்: மெக்சிகோவுல வெராக்ரூஸ் பக்கம் சக்கரம் வெச்ச களிமண் பொம்மையே கெடச்சிருக்கு சார். வண்டி செஞ்சா இழுக்கறது யாரு?