ஒருநாள் டூர், நான்கு கடை

கோடை விடுமுறை முடிந்ததும் இந்தக் கேள்வி-பதில் பகுதிக்கு ஊட்டிக் கடிதங்கள் வர ஆரம்பித்துவிடும். இந்த வருடம் வந்தவற்றில் பாதி, காலையில் முதுமலை, சாயங்காலம் தேயிலை என்று விற்கப்படும் ஒருநாள் டூரைப் பற்றியவை. நீளமானவற்றைச் சுருக்கியிருக்கிறேன். திட்டியவற்றை இன்னும் சுருக்கியிருக்கிறேன்.

தலைக்கு 1,600 ரூபாய் வீதம் நான்கு பேருக்குக் கட்டினோம். 'முதுமலை வனவிலங்கு சஃபாரி, தேயிலைப் பாரம்பரியச் சுற்று' என்று நோட்டீஸில் போட்டிருந்தது. வேன் மைசூர் ரோட்டில் கொஞ்ச தூரம் போய்த் திரும்பியது. சாலையோரம் நின்ற மான்களைக் காட்டி 'இதுதாங்க சஃபாரி' என்றார் டிரைவர். திரும்பும் வழியில் நான்கு கடைகளில் நிறுத்தினார். பணம் திரும்பக் கிடைக்குமா? – வாசகி, திருநெல்வேலி

கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு, அம்மா. முதுமலையில் சஃபாரி என்றால் தெப்பக்காட்டில் வனத்துறையிடம் டிக்கெட் வாங்கி, வனத்துறை வண்டியில் ஏறி, அவர்களுடைய பாதையில் காட்டுக்குள் போய் வருவதுதான். ஊட்டி–மைசூர் நெடுஞ்சாலை புலிகள் காப்பகத்தின் ஊடேதான் போகிறது. அரசு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவரும் அந்த மான்களைப் பார்க்கிறார். பஸ் டிக்கெட்டோடு சும்மா வரும் காட்சியை உங்களுக்குத் தலைக்கு 1,600 ரூபாய்க்கு விற்றிருக்கிறார்கள்.

நோட்டீஸையும் பணம் அனுப்பிய ரசீதையும் பத்திரமாக வையுங்கள். வாட்ஸ்அப் பேச்சை அழிக்காதீர்கள். முதலில் டூர் நடத்தியவருக்கு எழுத்தில் கேளுங்கள்: சஃபாரி டிக்கெட் எங்கே, எந்த வண்டி, எத்தனை மணிக்கு? வனத்துறை டிக்கெட்டை அவர்களால் காட்ட முடியாது. பதினைந்து நாள் பொறுத்துப் பாருங்கள். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசுங்கள், தமிழிலேயே பேசலாம். அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இதற்காக நீலகிரிக்கு ஓட வேண்டியதில்லை. 2019-ம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் திருநெல்வேலியிலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், அவ்வளவுதான். 6,400 ரூபாய்க்கா இத்தனை அலைச்சல் என்று உங்கள் வீட்டில் யாராவது சொல்வார்கள். அந்த வார்த்தையை நம்பித்தான் அவர்கள் தொழிலே நடக்கிறது.

புலி கட்டாயம் பார்க்கலாம் என்றார்கள். பார்க்கவில்லை. நஷ்டஈடு உண்டா? – வாசகர், ஓசூர்

புலி கையெழுத்துப் போட்டிருந்தால் உண்டு. 'கட்டாயம்' என்ற சொல் அச்சில் இருந்தால் அது பொய் விளம்பரம், 1915-ல் சொல்லுங்கள். வாய்ப்பேச்சு என்றால் அடுத்த முறை சிரித்துவிட்டு நகருங்கள்.

மசினகுடியில் ஒரு ஜீப்காரர் 'நைட் சஃபாரி' என்று 3,000 ரூபாய் வாங்கினார். வழியில் வனத்துறையினர் மடக்கி எங்களுக்கும் அபராதம் போட்டுவிட்டார்கள். ஜீப்காரரின் போன் இப்போது அணைந்திருக்கிறது. ரசீது இல்லை, பெயரும் தெரியாது. யாரிடம் புகார் செய்வது? – வாசகர், சென்னை

முதுமலை வழியான நெடுஞ்சாலையையே இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடிவிடுகிறார்கள். விலங்குகள் நிம்மதியாகக் கடக்கட்டும் என்பதற்காக லாரிகளே காத்து நிற்கிற நேரத்தில், ஒருவர் டார்ச் லைட்டோடு உங்களைக் காட்டுக்கு அழைக்கிறார். பெயர் கேட்கவில்லை, ரசீது கேட்கவில்லை, இது சரியா என்று ஒரு கேள்வியும் கேட்கவில்லை. காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம். அபராதத்தைப் பற்றி என்னிடம் புலம்ப வேண்டாம். யானையின் எதிரில் மாட்டாமல் வந்தீர்களே, அந்த வகையில் 3,000 ரூபாய் மலிவு.

டூரில் ஒரு 'டீ ஃபேக்டரி'க்குக் கூட்டிப்போனார்கள். 'வொயிட் டீ, ஃபேக்டரி விலை' என்று 100 கிராம் 900 ரூபாய்க்கு வாங்கினேன். வீட்டில் வெந்நீரில் போட்டால் ஒரு நிமிடத்தில் கறுப்பாகிவிட்டது. நல்ல தேயிலைதானா? – வாசகி, மதுரை

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். மற்ற கடிதக்காரர்கள் மன்னிக்கவும், இது கொஞ்சம் நீளும்.

வெள்ளைத் தேயிலை என்பது இன்னும் விரியாத மொட்டு. உருட்டாமல், நசுக்காமல் வாட்டிக் காயவைப்பார்கள். ஊறவைத்தால் வெளிறிய மஞ்சளில் இறங்கும். ஒரு நிமிடத்தில் கறுத்தால் அது வேறு ஏதோ. ஈரமான வடிதாளில் கொஞ்சம் தூவிப் பாருங்கள். இலையை எடுத்துவிட்டுத் தாளைக் கழுவிய பிறகும் அதில் சாயக்கறை தங்கினால் நிறம் சேர்த்திருக்கிறார்கள். கறை இல்லாவிட்டால் சாதாரணத் தூளுக்கு வெள்ளைப் பெயர் சூட்டியிருக்கிறார்கள். இரண்டுமே புகாருக்கு உரியவைதான். பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்: பாக்கெட் போட்டவர் பெயர், முகவரி, எடை, மாதம், அதிகபட்ச விலை, 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண். இதில் எது இல்லையென்றாலும் அதை முதல் வரியில் எழுதி உணவுப் பாதுகாப்புத் துறைக்கு அனுப்புங்கள்.

இந்த 'ஃபேக்டரி விலை' என்ற சொல்லின் மேல் எனக்குப் பல வருடக் கோபம். நாம் தினமும் குடிக்கிற சாதாரண சிடிசி தூள், அதாவது இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டுகிற ரகம், குன்னூர் ஏலத்தில் கிலோ நூறு, நூற்றைம்பது ரூபாய்க்குள் போவதுதான் பல வருட வழக்கம். பச்சை இலை போடும் சிறு விவசாயி விலை கேட்டு ரோட்டில் உட்கார்ந்ததை நீலகிரிக்காரர்கள் பலமுறை பார்த்திருக்கிறார்கள். அதே தூள் கண்ணாடி அலமாரிக்குள் போனதும் ஏலக்காய், சாக்லேட், மசாலா என்று வேடம் கட்டிக்கொண்டு பல மடங்காகிறது. நடுவில் வண்டி கொண்டுவந்து நிறுத்துகிறவருக்கும் பங்கு. இரண்டு மிஷினைக் கண்ணாடிக்கு அப்பால் ஓடவிட்டு, பத்து நிமிடம் காட்டி, வெளியே போகிற வழியைக் கடைக்குள் விட்டிருப்பார்கள். இதற்குப் பெயர் பாரம்பரியமாம்!

பாரம்பரியம் அந்த ஜன்னலுக்கு வெளியேதான் இருக்கிறது. 1964-ல் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் ஆனது. அதன்படி இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட மலையகத் தமிழர்களுக்கு வேலை தர 1968-ல் அரசு தேயிலை பயிரிட ஆரம்பித்தது. அதுதான் பின்னால் டேன்டீ, அதாவது தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டக் கழகம் ஆனது. கூடலூர்ப் பக்கம் உங்கள் வேன் கடந்த தொழிலாளர் லைன் வீடுகளில் அந்தக் குடும்பங்களின் மூன்றாம் தலைமுறை இருக்கிறது. டூர் வழிகாட்டி அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னாரா? சொல்லியிருக்க மாட்டார், அங்கே பில் போட ஆள் இல்லை. தேயிலைதான் வேண்டுமென்றால் டேன்டீ கடையிலோ, சிறு விவசாயிகளின் கூட்டுறவான இண்ட்கோசர்வ் கடையிலோ வாங்குங்கள்.

என் லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். இப்படி ஒரு கடையில் நானும் சாக்லேட் டீ கால் கிலோவும் 'சுத்தமான' நீலகிரித் தைலம் அரை லிட்டரும் வாங்கினேன். டீயை வீட்டில் ஒருவரும் இரண்டாவது முறை கேட்கவில்லை. தைலத்தில் ஒரு சொட்டைத் தாளில் விட்டுக் காயவைத்தேன். சுத்தமான தைலம் தடமில்லாமல் ஆவியாகிவிடும். என் தாளில் பஜ்ஜி வைத்த மாதிரி எண்ணெய் வட்டம் நின்றது. கேட்டின் கீலுக்குப் போடுகிறேன், சத்தமில்லாமல் திறக்கிறது.

ஊட்டிக்குள் வண்டி நுழைய இ-பாஸ் எடுத்துத் தர ஏஜெண்ட் வண்டிக்கு 300 ரூபாய் வாங்கினார். இது அரசுக் கட்டணமா? – வாசகர், ஈரோடு

இல்லை. 2024 மே மாதம் உயர் நீதிமன்ற உத்தரவால் வந்த அந்த இ-பாஸுக்குக் கட்டணமே கிடையாது. திருப்பிக் கேளுங்கள்.

சோதனைச் சாவடியில் எங்கள் தண்ணீர் பாட்டில்களை வாங்கி வைத்துக்கொண்டார்கள். டூர்காரர் முன்பே சொல்லவில்லை. அவர்மேல் புகார் செய்யலாமா? – வாசகர், திருப்பூர்

எவர்சில்வர் பாட்டில் வாங்குங்கள். நீலகிரியில் பிளாஸ்டிக் தடை வந்து எத்தனையோ வருடமாகிறது.

72 வயது அம்மாவை அழைத்துப் போகிறோம். காட்டையும் தேயிலையையும் ஒரே நாளில் காட்டும் டூர் ஒத்துவருமா? – வாசகி, தஞ்சாவூர்

வேண்டாம். ஊட்டியிலிருந்து தெப்பக்காடு கூடலூர் வழியாக ஏறக்குறைய 67 கிலோமீட்டர், எல்லாம் வளைவு. போக இரண்டரை மணி, வர இரண்டரை மணி. கல்லட்டி வழி பாதித் தூரம்தான், ஆனால் 36 கொண்டைஊசி வளைவு, செங்குத்து இறக்கம். வெளியூர் வண்டிகளை அந்த வழியாகக் கீழே இறங்க விடுவதில்லை. 'குறுக்கு வழியில் கூட்டிப்போகிறேன்' என்று யாராவது சொன்னால் பணம் கட்டாதீர்கள். ஒருநாள் டூரில் அம்மா பார்ப்பது முன் சீட்டின் முதுகைத்தான்.

இரண்டு நாளாகப் பிரியுங்கள். காட்டுக்கு ஒரு நாள். முந்தைய இரவே கூடலூரிலோ மசினகுடியிலோ தங்கினால் காலை சஃபாரிக்கு நிதானமாகப் போகலாம். சஃபாரி அன்று நடக்கிறதா என்று வனத்துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள், காட்டுத்தீ பயமுள்ள காலத்தில் நிறுத்திவிடுவதுண்டு. வண்டி அம்மாவின் இடுப்புக்கு ஆகாது என்று தோன்றினால் தெப்பக்காடு யானைகள் முகாமில் உணவூட்டும் நேரத்துக்குப் போங்கள். கொள்ளும் ராகியும் உருண்டையாக யானை வாய்க்குள் போவதை நின்ற இடத்திலேயே பார்க்கலாம்.

மறுநாள் ஊட்டிக்கு ஏறும்போது நடுவட்டத்தில் இறங்குங்கள். மலேரியா மருந்துக்கான சிங்கோனா மரத் தோட்ட வேலைக்குக் கொண்டுவந்த சீனக் கைதிகளை வைத்திருந்த பழைய சிறை டேன்டீ பொறுப்பில் இருக்கிறது. அம்மாவுக்குக் கதை பிடிக்குமென்றால் அங்கே அரை மணி போதாது. காற்று ஊசியாகக் குத்தும், மஃப்ளரைப் பெட்டிக்குள் வைக்காமல் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.